பாதி வருஷத்துல ப்ரமோஷனா? சரின்னு சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க!



ஆடிட் ஃபர்ம்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். ஆகஸ்ட் மாசம் டீம் மேனேஜர் பேப்பர் போட்டுடுவார். டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்கு வழக்கமா செப்டம்பர் 30 கடைசி நாள். புது ஆள் எடுக்க நேரமில்லை. உடனே உங்களைக் கூப்பிட்டு, "ஏப்ரல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்பா, இப்பவே உனக்கு ப்ரமோஷன்"னு சொல்வாங்க.

சந்தோஷமான விஷயம்தான். ஆனா நம்ம வேலையே கணக்குப் பார்க்கிறது. நம்ம சம்பளத்துக்கு மட்டும் ஏன் பார்க்க மாட்டேங்கிறோம்?

ஒரு உதாரணம். உங்க சம்பளம் வருஷத்துக்கு 9 லட்சம்னு வச்சுக்கோங்க. அக்டோபர்லயே ப்ரமோஷனுக்காக 15% ஏத்தறாங்க. மார்ச் வரைக்கும் உங்களுக்குக் கூடுதலாக் கிடைக்கிறது 67,500 ரூபாய். ஏப்ரல் வருது. "உனக்கு இப்பதானே ஏத்தினோம்"னு சொல்லி வழக்கமான இன்க்ரிமென்ட்டை விட்டுடறாங்க. உங்க சம்பளம் 10,35,000-லேயே நிக்குது.

இதே ப்ரமோஷன் ஏப்ரல்ல வந்து, 15 சதவீதத்தோட வழக்கமான 8 சதவீதமும் சேர்ந்திருந்தா? 11,07,000. வருஷத்துக்கு 72,000 வித்தியாசம். முன்னாடி கிடைச்ச 67,500 அந்த ஒரு வருஷத்துலயே காலி. அடுத்தடுத்து வர்ற ஒவ்வொரு இன்க்ரிமென்ட்டும் அந்தக் குறைஞ்ச தொகை மேலதான் கணக்காகும்.

எனக்கும் இதேதான் நடந்துச்சு. லெட்டர்ல புதுப் பதவி இருந்துச்சு, ஏப்ரலைப் பத்தி ஒரு வரி கூட இல்லை. "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன்"னு வாய்வார்த்தையாச் சொன்ன சார், ஏப்ரலுக்குள்ள வேற ஃபர்முக்குப் போயிட்டார். நான் யார்கிட்ட போய்க் கேட்கிறது?

அதுக்காக ப்ரமோஷனே வேண்டாம்னு சொல்லாதீங்க. மூணே மூணு கேள்வி கேளுங்க.

1. புது சம்பளம் எந்தத் தேதியிலிருந்து?
2. வர்ற ஏப்ரல் இன்க்ரிமென்ட் எனக்கு உண்டா? முழுசாவா, இல்ல ஆறு மாசத்துக்கு மட்டுமா?
3. நோட்டீஸ் பீரியட் மாறுதா? பதவி ஏறும்போது 60 நாள் சத்தமில்லாம 90 நாள் ஆகலாம்.

ஏப்ரல்ல கிடையாதுன்னா, "அப்போ அதையும் சேர்த்து இப்பவே போட்டுக் கொடுங்க சார்"னு தயங்காம கேளுங்க. பதில் எதுவா இருந்தாலும் மெயில்ல வாங்கிக்கோங்க.

இன்னொரு விஷயம், கேட்கிற நேரம் ரொம்ப முக்கியம். ஃபைல் எல்லாம் உங்க மேஜையில குவிஞ்சிருக்கிற செப்டம்பர்லதான் உங்க பேச்சுக்கு மதிப்பு. அக்டோபர்ல போய்க் கேட்டா, "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னுதான் பதில் வரும்.

வவுச்சர் இல்லாத செலவை நாம பாஸ் பண்ணுவோமா? எழுத்துல இல்லாத வாக்குறுதியும் அப்படித்தான்.