அழைப்பை அலட்சியம் செய்யலாகாது

பிரித்தானியாவில் 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு உரிய காலத்தில் வீடு தேடி வருகின்றது. எம்மவர் இல்லங்கள் பலவற்றில் அது பதிலின்றியே ஒதுக்கப்படுவது கவலைக்குரியது.

'எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே' என்பது பலரும் கூறும் சமாதானம். வருத்தம் தெரியாதவர்களுக்கென்றே ஏற்பட்டது இப்பரிசோதனை. பப்பிலோமா வைரசின் தொற்று நீடிக்குமாயின், கலங்கள் மெல்ல மாறிப் புற்றுநோயாகப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் தோன்றாது. அவ்விடைக்காலத்தில் மாற்றத்தைக் கண்டறிந்தால் எளிய சிகிச்சையால் நோயைத் தடுத்துவிடலாம்.

'குடும்பப் பெண்ணுக்கு இது எதற்கு?' என்று கேட்போரும் உளர். பெரும்பாலானோரை வாழ்வில் ஒருமுறையேனும் தொற்றும் இவ்வைரசு, ஒரே துணையுடன் வாழ்பவரையும் விட்டுவைப்பதில்லை. இதில் ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

கூச்சமுடையோர் பெண் தாதியைக் கேட்டுப் பெறலாம். மொழி தெரியாதோர் கட்டணமின்றி மொழிபெயர்ப்பாளரைக் கோரலாம். பிள்ளையை அழைத்துச் சென்று தாயின் அந்தரங்கத்தை மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை. மாதவிடாய் நின்ற பின்னரோ உறவின் பின்னரோ இரத்தம் கசிந்தால், அழைப்புக்குக் காத்திராது உடனே வைத்தியரை நாடவேண்டும். 12, 13 வயதில் பாடசாலையில் வழங்கப்படும் தடுப்பூசிக்கும் பெற்றோர் தயங்காது சம்மதமளிக்க வேண்டும்.

வேலைத்தலத்திலும் வீட்டிலும் ஓயாது உழைக்கும் பெண், தனக்கென ஒதுக்கும் சில நிமிடங்கள் தன்னலமாகா. அன்றைய பொழுதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது கணவரின் கடமை.