கேள்வி-பதில் பகுதி: பி.எம். கிசான் பெயரில் வந்த ஃபைல்

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ‘பி.எம். கிசான்’ என்ற பெயரில் ஒரு ஃபைல் வந்தது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததால் திறந்தேன். ஆதார் எண், வங்கி விவரம் கேட்டது, கொடுத்தேன். மறுநாள் காலையில் நடவுக்கு வைத்திருந்த 38,000 ரூபாய் கணக்கில் இல்லை. ஓடிபியை யாருக்கும் சொல்லவே இல்லை. இப்போது என் எண்ணிலிருந்தும் அதே ஃபைல் பலருக்குப் போகிறது. என்ன செய்வது? இனி தவணைப் பணம் வருமா?

- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முதலில் அந்த செல்போனை அணைத்துவிட வேண்டும். சிம்மைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டு 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இணைய மோசடிப் புகாருக்கான தேசிய உதவி எண் இது. கணக்கு எண், போன தொகை, நேரம், வங்கிக் குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் முடியும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். யாரோ அதை ஏ.டி.எம்.மில் எடுப்பதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால், இருக்கும் இடத்திலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அந்த வழியும் அடைபடும்.

அடுத்த அழைப்பு வங்கிக்கு. கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கிளைக்குப் போய் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்க வேண்டும். இந்த முத்திரைக்கு மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால், புகார் சொல்லும்வரை ஏற்பட்ட இழப்பு அவருடையது. புகார் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு. ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்களே என்று ஒரு நாள் தள்ளிப்போடுபவர்தான் அதிகம் இழக்கிறார். படித்தவர், வங்கியில் வேலை பார்ப்பவர் என்று எல்லோரும் ஏமாறும் வேலை இது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓடிபி சொல்லாமலே பணம் எப்படிப் போனது? வாசகர் திறந்த ஃபைலின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்திருக்கும். அது படமோ படிவமோ அல்ல, ஒரு செயலி. பிளே ஸ்டோர் வழியாக வராத செயலியை நிறுவும்போது, இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கலாமா என்று போனே கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அழுத்திவிடுகிறோம். பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். அதையும் கொடுத்தால், வங்கி அனுப்பும் ஓடிபி வந்த நொடியிலேயே திருடனுக்கும் போய்விடும். வாயால் சொல்லத் தேவையே இல்லை. தவணை வந்ததா என்று காட்டுகிற செயலிக்கு வீட்டுக் குறுஞ்செய்தி எல்லாம் எதற்கு என்று அந்த இடத்தில் கேட்டுக்கொண்டால் போதும், விஷயம் புரிந்துவிடும்.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்பதை நம்பிக்கைக்கு அடையாளமாகக் கொள்ளவே கூடாது. வாழையில் முடிக்கொத்து நோய் பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்பாகக் கொடுத்த கன்றோடுதான் வருகிறது. இதுவும் அப்படித்தான். அனுப்பியவருக்கே தான் அனுப்பியது தெரியாது. ஆகவே வாசகர் வேறொரு போனிலிருந்து குழுவினருக்கு, ‘என் எண்ணிலிருந்து வந்த ஃபைலைத் திறக்காதீர்கள்’ என்று உடனே சொல்ல வேண்டும். பி.எம். கிசான் மட்டுமல்ல, வங்கியின் ஆதார் புதுப்பிப்பு, வாகன அபராதம், ஏன், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் இதே ஃபைல் சுற்றுகிறது.

முடிக்கொத்து வந்த வாழைக்கு மருந்து கிடையாது, வேரோடு எடுக்கத்தான் வேண்டும். போனுக்கும் அதுவே நல்லது. அந்தச் செயலி தன் படத்தை மறைத்துக்கொள்ளும் என்பதால், திரையில் காணவில்லை என்று நிம்மதி அடைய முடியாது. புகாருக்குத் தேவையான செய்திகளையும் ஃபைல் பெயரையும் வேறு போனில் படம் பிடித்துவைத்துவிட்டு, பட்டா, சிட்டா, குடும்பப் படங்களைத் தனியே சேமித்துக்கொண்டு, போனை முழுவதும் அழித்துப் புதிதுபோல் ஆக்கிவிட வேண்டும். அதன் பிறகே யூபிஐ ரகசிய எண்ணையும் மற்ற கடவுச்சொற்களையும் மாற்றலாம். பாதிக்கப்பட்ட போனிலேயே மாற்றினால் புது எண்ணும் திருடனுக்குப் போகும்.

சேமிப்பும் கடன் பணமும் இருக்கும் கணக்கின் சிம்மைப் பட்டன் போனிலேயே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கூகுள் பே, போன்பே வேண்டும் என்றால் வேறு எண்ணில், கைச்செலவுக்கு மட்டும் பணம் உள்ள இன்னொரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விளையாடும் போனில் வங்கி வேண்டாம்.

இனி தவணை. பி.எம். கிசானில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாயாக வருகிறது. அதைப் பெற வாட்ஸ்அப்பில் வரும் எதையும் திறக்கத் தேவையில்லை. பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்தில் நிலையைப் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் 155261-க்குப் பேசலாம், அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கேட்கலாம். நடந்த திருட்டால் வாசகரின் தகுதி போகாது. ஆனால் வங்கி பழைய கணக்கை முடக்கி அவர் புதுக் கணக்கு தொடங்கினால், ஆதார் இணைப்பை அதற்கு மாற்றும்படி வங்கியில் கேட்க வேண்டும், ஏனெனில் பணம் ஆதார் இணைந்த கணக்குக்கே வரும். ஆதார் எண்ணையும் கொடுத்துவிட்டதால், ஆதாரின் 1947 உதவி எண்ணில் வழி கேட்டு விரல்ரேகையைப் பூட்டி வைக்கலாம். அப்படிப் பூட்டியவர், பொதுச் சேவை மையத்தில் விரல் வைத்து இ-கேஒய்சி செய்யப் போகும் அன்று மட்டும் தற்காலிகமாகத் திறந்துகொண்டு போக வேண்டும்.