கான்ஃபிக் ஃபைலை மாத்தியாச்சு... சர்வர் ஏன் கேட்கலை?

ராத்திரி 11 மணி. கான்ஃபிக் ஃபைலில் பாஸ்வேர்டு வரியைச் சேர்த்து, சேவ் செய்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். எதுவும் மாறவில்லை. பல நேரம் தப்பு நீங்கள் எழுதிய வரியில் இருக்காது. சர்வர் படிப்பதே வேற ஃபைலாக இருக்கும்.

லினக்ஸில் இதற்கென்று ஒரு முகவரி உண்டு: ‘ஸ்லாஷ் இடிசி’. எந்த ஃபைல் எங்கே இருக்கணும் என்று சொல்லும் எஃப்எச்எஸ் விதிகளும் (3.0 பதிப்பு 2015-ல் வந்தது) அங்கேதான் வைக்கச் சொல்கின்றன. ஆனால், ஆளுக்கொரு வழக்கம். போஸ்ட்கிரஸ் தன் டேட்டா டைரக்டரிக்குள்ளேயே செட்டிங்ஸை வைத்துக்கொள்ளும். அதையே உபுண்டு பேக்கேஜாக இன்ஸ்டால் செய்தால், இடிசிக்குக் குடிவந்துவிடும்.

மைஎஸ்க்யூஎல் கதை இன்னும் சுவாரஸ்யம். இடிசியில் தொடங்கி யூசரின் ஹோம் டைரக்டரி வரை வரிசையாகத் தேடி, கிடைக்கிற எல்லா ஃபைலையும் படிக்கும். ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால், கடைசியாகப் படித்ததே செல்லும். சர்வர் எந்த யூசர் பெயரில் ஓடணும் என்ற செட்டிங்குக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் முதலில் படித்ததுதான் செல்லும். பின்னால் வருவது எதுவும் அதை மாற்றிவிடக் கூடாது என்ற பாதுகாப்பு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்து கிடக்கும் ஃபைலை அது தொடவே தொடாது. நல்ல புத்தி!

ரெடிஸ் நேர் எதிர். அது தேடவே தேடாது. ஃபைல் எங்கே என்று நீங்கள் சொல்லாவிட்டால், தனக்குள் இருக்கும் டீஃபால்ட் செட்டிங்ஸோடு கிளம்பிவிடும். அதில் பாஸ்வேர்டு கிடையாது. லாகில் ஒரு எச்சரிக்கை வரி வரும்தான், யார் பார்க்கிறோம்?

தேடுகிற இடம் தப்பானால் என்ன ஆகும் என்பதற்கு 2019-ல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளியான ஒரு குறை உதாரணம். அதன் சில விண்டோஸ் பில்டுகள், லினக்ஸ் பழக்கத்தில், சி டிரைவில் ‘யூஸ்ஆர் லோக்கல்’ ஃபோல்டருக்குள் கான்ஃபிக்கைத் தேடின. விண்டோஸில் சாதாரண யூசரே அந்த ஃபோல்டரை உருவாக்கி, தனக்கு வேண்டிய ஃபைலை வைத்துவிட முடியும். பூட்டு சரியாகத்தான் இருந்தது, சாவி வைக்கிற இடம்தான் திண்ணையில்!

அதனால் நம் கட்சி இதுதான்: தேடுகிற இடம் ஒன்றே ஒன்றாக, அட்மின் மட்டும் எழுதக்கூடியதாக இருக்கட்டும். வேற இடம் வேணும் என்றால், ஸ்டார்ட் செய்பவர் முழுப் பாதையைச் சொல்லட்டும். சொன்ன இடத்தில் ஃபைல் இல்லையா? சர்வர் எரர் காட்டி நிற்கணும். டீஃபால்ட்டோடு சமாளித்து ஓடக் கூடாது. ஓடத் தொடங்கும்போதே எந்த ஃபைலைப் படித்தது என்று முதல் வரியில் சொல்லவும் வேண்டும்.

இப்போதைக்கு நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். என்ஜின்எக்ஸின் டெஸ்ட் கமாண்ட், தான் படித்த ஃபைலின் பாதையைக் காட்டும். போஸ்ட்கிரஸில் ‘ஷோ’ கமாண்டில் கான்ஃபிக் ஃபைல் எது என்று கேட்டால், பதில் ஒரே வரியில் வந்துவிடும்.