முழு வருகைப் பரிசு

ஓராண்டில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்கு ஆண்டு விழாவில் பரிசு வழங்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்து. பரிசின்மீது கண் வைத்த பிள்ளை, காய்ச்சல் கண்டாலும் ஒரு பாரசிட்டமால் மாத்திரையை விழுங்கிவிட்டு வகுப்புக்கு வந்துவிடுகிறது. மாத்திரை உடலின் வெப்பத்தைத் தணிக்குமேயன்றி, நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்காது.

இன்ஃபுளுயன்சா காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். அறிகுறி தோன்றுவதற்கு 1 நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றத் தொடங்குகிறது. பெரியவர்களிடம் 5 முதல் 7 நாள்கள்வரை அவ்வாற்றல் நீடிக்கும். சிறுவர்களிடமோ 10 நாள்களையும் கடக்கக்கூடும். போதாக்குறைக்கு, நெருங்கி அமர்வதும், ஒருவர் தண்ணீரை மற்றவர் வாங்கிக் குடிப்பதும், கைக்குட்டை பையில் உறங்கச் சட்டைக் கையால் மூக்கைத் துடைப்பதும் அவர்கள் இயல்பு. வடமாநிலக் குளிர்காலத்தில் வகுப்பறைச் சன்னல்களும் அடைபட்டுவிடும். தெற்கிலிருந்து வந்த எம்மைப் போன்றோருக்கு அவற்றைத் திறக்க எளிதில் மனம் வருவதில்லை.

வகுப்பில் தொற்றிய நோய் வகுப்போடு நிற்பதுமில்லை. ஜப்பான் நாட்டில் 1962 முதல் 1994 வரை பள்ளிச் சிறார்க்கு இக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போடும் திட்டம் நடைமுறையில் இருந்தது. அதனை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்று, ஊசி போடப்பட்ட சுமார் 420 சிறுவர்களுக்கு ஓர் இறப்பு வீதம் தவிர்க்கப்பட்டதாகக் கணித்தது. பிழைத்தவர்களுள் பெரும்பாலோர் முதியோர். பேரனுக்குப் போட்ட ஊசி பாட்டியைக் காத்திருக்கிறது!

அந்நாட்டுப் பள்ளிச் சுகாதார விதி இன்றும் கண்டிப்பானது. காய்ச்சல் தொடங்கி 5 நாள்களும், வெப்பம் தணிந்து 2 நாள்களும் கழியும்வரை மாணவர் பள்ளிக்கு வரலாகாது. அந்நாள்கள் வராத நாள்களாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

நம் மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் பொதுத்தேர்வுக்குக் கேட்பது 75 விழுக்காடு வருகையே. ஒரு வாரம் வீட்டிலிருப்பதால் மட்டும் எவர் தேர்வும் தவறிப்போகாது.

பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் இல்லத்தில் நோயுற்ற குழந்தையுடன் யார் இருப்பது? இது நியாயமான கேள்வி. தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தால் ஆபத்து இடம் மாறுமேயன்றி நீங்காது. ஆதலால் பெற்றோரில் ஒருவர் விடுப்பு எடுத்தே ஆக வேண்டும். அதை மறுக்காமல் தருவது அலுவலகங்களின் கடமை.

பரிசு கொடுத்தே தீர வேண்டுமெனில், விடுப்பிலிருந்த தோழனுக்குப் பாடக் குறிப்புகளை எழுதிக் கொடுத்த மாணவனை மேடைக்கு அழைக்கலாம்.