இருபது வாக்கி டாக்கி வேண்டாம் பிள்ளைகளே

பதிவு கொஞ்சம் நீளம். திங்கட்கிழமைக்குள் படித்துவிடுங்கள். அன்றைக்குத்தான் ஆர்டர் போடப்போவதாகக் குழுவில் எழுதியிருக்கிறீர்கள்.

மழைக்காலம் வருவதற்குள் நம் கீரப்பாளையம் பக்கத்து இளைஞர்களுக்கு இருபது வாக்கி டாக்கி வாங்கிக் கொடுப்பது என்று பழைய மாணவர் குழுவில் முடிவு செய்து, நாற்பதாயிரம் ரூபாயும் சேர்த்துவிட்டீர்கள். புயல் அடித்து செல்போன் டவர் நின்றுபோனால் இதில் பேசிக்கொள்ளலாமாம். "டீச்சர்கிட்டதான் ரேடியோ லைசென்ஸ் இருக்கு, முதல் செட்டை டீச்சர் கையால குடுக்கணும்" என்று ஒருத்தன் எழுதியிருக்கிறான். உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் நான் வரமாட்டேன். கொடுக்கவும் மாட்டேன், போட்டோவிலும் நிற்கமாட்டேன். ஏன் என்று சொல்லாமல் வராமல் இருந்தால் வயசாகிவிட்டது, கோபித்துக்கொண்டாள் என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் சீனக் கைச்செட் 136-இலிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரை, பிறகு 400-க்கு மேலும் என்று கண்ட இடத்திலெல்லாம் பேசும். அந்தப் பரப்பில் அமெச்சூர்களுக்கு இந்த நாட்டில் கொடுத்திருப்பது 144 முதல் 146 வரை ஒரு சின்னத் துண்டு, மேலே 434 முதல் 438 வரை இன்னொரு துண்டு. மீதியெல்லாம் வேறு யார் யாருக்கோ ஒதுக்கியது. பட்டனைத் தெரியாமல் திருப்பினால் யார் பேச்சில் போய் விழுவீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் செட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பது 1933-ஆம் வருடச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. "ஆன்லைன்ல விக்கிறாங்களே டீச்சர்" என்பீர்கள். விற்கிறார்கள். இப்படி விற்றதற்காகத்தான் 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. என் ஒருத்தியின் உரிமத்தை வைத்து இருபது பேர் பேசவும் முடியாது. உரிமம் ஆளுக்குத்தான், ஊருக்கு இல்லை. தெருவுக்குத் தெரு பேசினால் போதும் என்றால் 446.0 முதல் 446.2 வரை உரிமம் தேவைப்படாத, அரசு ஒப்புதல் பெற்ற சின்ன செட்டுகள் இருக்கின்றன. அதை வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு சென்னையோடு பேசலாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

சட்டத்தை விடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. செட் இருந்தால் பேசிவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அந்த நினைப்பு எனக்கும் இருந்தது. தானே புயல் வரும்வரைக்கும் இருந்தது.

2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியது உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். நம் தெருவில் கம்பம் சாய்ந்து கம்பி தரையில் கிடந்தது. பொழுது விடியும்போது போனில் ஒரு கோடுகூட இல்லை. தென்னை மரத்தில் நான் கட்டியிருந்த ஆன்டெனா ஒயர் கொல்லையில் சுருண்டு கிடந்தது. பத்து மணிக்கு அதை எடுத்து ஒரு நுனியை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலும் மறு நுனியை மிஞ்சி நின்ற வேப்ப மரத்திலும் கட்டினேன். இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து செட்டுக்கு ஒயர் இழுத்தேன். செட்டைப் போட்டதும் 40 மீட்டர் அலைவரிசையில் சென்னைக்காரர்கள் புயலைப் பற்றிப் பேசிக்கொள்வது தெளிவாகக் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தார். அவர் மகன் சென்னையில் வேலை. "நாங்க நல்லா இருக்கோம், கெளம்பி வராதேன்னு மட்டும் சொல்லச் சொல்லும்மா" என்று ஒரு துண்டுத் தாளில் அவன் நம்பரை எழுதிக் கொடுத்தார். சென்னையில் யாராவது ஒருவர் அந்த நம்பருக்குப் போன் போட்டால் முடிந்தது வேலை.

மைக்கை அழுத்தினேன். செட் அணைந்துவிட்டது. விட்டேன், எரிந்தது. அழுத்தினேன், அணைந்தது. கேட்கிறது, பேச முடியவில்லை. மத்தியானம் வரைக்கும் இதையே செய்துகொண்டிருந்தேன். செட் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அக்காவிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பையன் டிவியில் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பைக்கில் கிளம்பிவிட்டான். பண்ருட்டி தாண்டி இருட்டில் ரோட்டில் விழுந்து கிடந்த பலாமரத்தில் மோதினான். இன்றைக்கும் அவன் நடையைப் பார்த்தால் இடதுகால் தெரியும். அவன் ஒருநாளும் என்னை ஒன்றும் சொன்னதில்லை.

செட்டை வெளியூரில் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்தேன். ஊர், பேர் வேண்டாம். ஒன்றரை மாதம் வைத்திருந்து, "ஃபைனல் ஸ்டேஜ் போயிருந்தது, மாத்திட்டேன்" என்று ஒரு தொகை வாங்கினார். வீட்டுக்கு வந்து அதே ஒயரில் மாட்டினேன். அதே மாதிரி அணைந்தது. அப்போதுதான், வருடா வருடம் உங்களுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யவில்லை என்று வெளியே நிற்கவைத்தேனே, அந்த ஓம் விதி எனக்கு உறைத்தது.

கணக்குப் போடுங்கள். 100 வாட் செட் முழு பலத்தில் பேசும்போது ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். நான் போட்டது பல்புக்கு இழுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். திண்ணையிலிருந்து அறைக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். அந்தத் தாமிரத்தின் மின்தடை மொத்தம் 0.17 ஓம். 20-ஆல் பெருக்கினால் 3.4 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. பேட்டரியில் 12.4 இருந்தால் செட்டுக்கு வந்து சேர்வது 9. அந்த வோல்ட்டில் செட் எப்படி உயிரோடு இருக்கும்? கேட்கும்போது ஒன்றரை ஆம்பியர்தான் என்பதால் கால் வோல்ட்தான் நஷ்டம். அதனால்தான் காது நன்றாக இருந்தது, வாய் மட்டும் அடைத்துக்கொண்டது. 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டிருந்தால் நஷ்டம் 0.6 வோல்ட்.

இன்னும் வயிறெரியும் கணக்கு ஒன்று இருக்கிறது. பலத்தைக் குறைக்கும் குமிழ் செட்டின் முகப்பிலேயே இருந்தது. 10 வாட்டுக்கு இறக்கியிருந்தால் ஏழு ஆம்பியர் போல இழுத்திருக்கும், ஒயரில் 1.2 வோல்ட்தான் போயிருக்கும். செட் முனகியிருக்கும், ஆனால் பேசியிருக்கும். பகலில் 40 மீட்டரில் நம் ஊரிலிருந்து சென்னைக்கு 10 வாட் தாராளம். ஒரு குமிழைத் திருப்பத் தெரியாமல் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆக எனக்கு உரிமம் இருந்தது, நல்ல செட் இருந்தது, பரீட்சையும் பாஸ் செய்திருந்தேன். அந்த நாளைத் தோற்கடித்தது பல்பு ஒயர். இப்போது இருபது செட்டை, புயல் நாள் வரைக்கும் பீரோவில் வைத்திருக்கப் போகிற இருபது பேரிடம் கொடுக்கிறேன் என்கிறீர்கள். எத்தனை பேட்டரி அன்றைக்கு உப்பியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

கைச்செட்டின் எட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் எத்தனை கிலோமீட்டர் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1-ஆல் பெருக்குங்கள். அத்தனை கிலோமீட்டரில் அதன் அடிவானம். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரம், ஐந்து கிலோமீட்டர். நம் பக்கம் மேசை மாதிரி சமதரை என்றாலும், நடுவில் தோப்பும் வீடும் ஈரமான மரமும் வந்தால் அதில் பாதி கிடைத்தாலே பெரிசு. அதே செட்டின் ஆன்டெனாவை 12 மீட்டர் கம்பத்தில் ஏற்றுங்கள், 14 கிலோமீட்டர். செட் அதேதான், ஐந்து வாட் அதேதான். இதனால்தான் சொல்கிறேன், இருபது பெட்டியைவிட ஒரு கம்பம் மேல்.

கம்பத்துக்குப் போகிற கேபிளில் கஞ்சத்தனம் பண்ணுபவர்களும் உண்டு. மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 30 மீட்டர் இழுத்தால் இந்த அலைவரிசையில் நீங்கள் கொடுக்கிற பலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகப் போய்விடும். ஐந்து வாட் ஏற்றினால் மேலே போய்ச் சேர்வது ஒன்றேகால். தடிமனான ஆர்.ஜி. 213 என்றால் பாதிக்கு மேல் சேரும். விலையைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள், ஆனால் வாங்குங்கள்.

துபாயில் இருக்கும் என் மருமகனுக்கும் இதே பதில்தான். "அத்தை, லட்ச ரூபாய் செட் ஒண்ணு வாங்கி அனுப்பறேன்" என்கிறான். வேண்டாம் ராஜா. ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான் என்ற அமெச்சூர், நம் கடைகளில் கிடைக்கும் டிரான்சிஸ்டர்களை வைத்தே பிட்எக்ஸ் என்று ஒரு செட்டை வடிவமைத்து, படத்தை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதில் ஒரு சுருளைத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரில் சுற்றச் சொல்லியிருப்பார். அதைக் கட்டி உலகம் பூராவும் பேசுகிறார்கள். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த பழைய செட் ஒன்று, கையேட்டைப் பிரித்தே பார்க்காத புது செட்டைவிட நமக்கு உதவும்.

பழுது பார்ப்பதைப் பற்றியும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. செட் பேசவில்லை என்றதும் மூடியைக் கழற்றுகிறவர்களை நான் நம்புவதில்லை. உள்ளே இருப்பது தொழிற்சாலையில் சோதித்து அடைத்தது. வெளியே இருப்பது நாம் பல்லால் கடித்து முறுக்கியது. தப்பு எதில் இருக்கும்? மீட்டரை எடுத்து, மைக்கை அழுத்தியபடியே, செட்டின் பின்பக்க முனையில் வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரி முனையில் பார்த்து ஏமாறாதீர்கள், நான் அப்படித்தான் ஏமாந்தேன். அது சரியாக இருந்தால் ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடு மாட்டிப் பேசிப் பாருங்கள். அதில் பேசினால் செட் நல்ல செட், குற்றவாளி வெளியே நிற்கிறான்.

நம் ஊரில் குற்றவாளி பெரும்பாலும் கனெக்டர்தான். பரங்கிப்பேட்டை பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் மாடியில் வைத்த எந்தப் பித்தளையும் இரண்டு மழைக்குள் பச்சை பூத்துவிடும். போன வருடம் ஒன்றைக் கழற்றினேன், உள்ளே எறும்பு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றவேண்டும். கேபிள் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறி வீட்டுக்குள் வரவேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதில் மீட்டரே பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. "எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்றரைதான் டீச்சர், ஆன்டெனா பிரமாதம்" என்று சிதம்பரத்திலிருந்து ஒரு தம்பி சொன்னான். யாருக்கும் அவன் பேச்சு கேட்கவில்லை. வெயிலில் கேபிள் தோல் வெடித்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. போகிற பலத்தையும் அது குடிக்கிறது, திரும்பி வருவதையும் அது குடிக்கிறது. மீட்டருக்குத் திரும்பி வருவது கொஞ்சம்தான், அதனால் அளவு அழகாகத் தெரிகிறது. பலத்தை மிகவும் குறைத்துக்கொண்டு, ஆன்டெனா நுனியில் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நொடி அழுத்திப் பாருங்கள். அப்போது அளவு எகிறவேண்டும். எகிறாவிட்டால் கேபிளைத் தூக்கிப் போடுங்கள். அந்தத் தம்பி கேபிளை மாற்றினான், மறுநாளே பெங்களூருக்குப் பேசினான்.

இரைச்சல் தாங்கவில்லை என்றால் செட்டைப் பேட்டரியில் போட்டுவிட்டு வீட்டு மெயினை அணையுங்கள். என் வீட்டில் பூஜையறை எல்.இ.டி. பல்பு.

"இந்தக் காலத்துல ரேடியோ எல்லாம் யாருக்கு டீச்சர்" என்று சிரித்தவனுக்கும் ஒரு வார்த்தை. 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற அமெச்சூர், வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியோடு போர்ட் பிளேரில் இருந்தார். வானொலிப் பயணமாகக் குழுவோடு அந்தமான் போனவர். தொடர்பெல்லாம் அறுந்தபோது அவர்கள்தான் தீவிலிருந்து செய்தி அனுப்பினார்கள். சுனாமி அன்று அவசரமாக வாங்கிய செட் இல்லை அது. அந்த மாதம் முழுக்கத் தினமும் பேசிப் பழகிய செட், பழகிய ஆன்டெனா, பழகிய கை.

இனி நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். கைச்செட் ஆர்டரை நிறுத்துங்கள். செட் என்னிடம் இருக்கிறது, அதற்கு ஒரு பைசா வேண்டாம். ஒரு நல்ல பேட்டரி, கனத்த ஒயர், தடிமனான கேபிள், கம்பம், இடி தாங்க எர்த், இவ்வளவுக்கு ஆகட்டும். மிச்சத்தில் நான்கு பேர் பரீட்சை எழுதட்டும். பன்னிரண்டு வயது ஆனவர்கள் யாரும் எழுதலாம், கீழ்நிலை உரிமத்துக்கு மோர்ஸ்கூடத் தேவையில்லை. பாடம் நான் நடத்துகிறேன், ஃபீஸ் கிடையாது. நான்கில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். புயல் நாளில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான், நீங்கள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பீர்கள். எதிர்வீட்டுப் பையன், அந்தக் கால் நொண்டும் பையன்தான், தன் மகளைச் சேர்த்துவிட்டான். ஏழாவது படிக்கிறாள். இன்னும் மூன்று இடம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், புது டைபோல் கட்டப்போகிறேன். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருபது மீட்டர் ஒயர், வெட்டி வைத்துவிட்டேன். ஏணி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். குழுவில் பெயர் போடுங்கள், இட்லிக்கு மாவு அரைக்கவேண்டும்.