பண்டிகைக் கறி மிஞ்சினா கொட்டாதீங்க. அம்மா தலையிலயும் கட்டாதீங்க.



தீபாவளிக்குக் கறி எடுத்திருப்பீங்க. மட்டன் கிலோ ஆயிரம் ரூபாய் பக்கம் நிக்குது. விடியக்காலை வரிசையில நின்னு வாங்கி, ஆக்கி, சாப்பிட்டு முடிச்சும் சட்டியில பாதி மிஞ்சி நிக்கும்.

இந்த மிச்சக் கறியை என்ன பண்றதுன்னு கேட்டா நம்ம ஊர்ல ரெண்டு கட்சி இருக்கு.

ஒரு கட்சி, "ஃப்ரிட்ஜ்ல வெச்ச சாப்பாடு விஷம்"னு வாட்சப்ல ஃபார்வர்டு பண்ணிட்டு நல்ல கறியைக் குப்பையில கொட்டும்.

இன்னொரு கட்சி, "இந்த விலைக்கு வாங்கிட்டு கொட்ட மனசு வருமா?"ன்னு மூணு நாள், நாலு நாள் சூடு பண்ணிச் சாப்பிடும்.

என் கருத்து, ரெண்டுமே தப்பு. மிச்சக் கறி நல்ல உணவு. 100 கிராம் கறியில சுமார் 20 கிராம் புரதம் இருக்கு, கிட்டத்தட்ட மூணு முட்டைக்குச் சமம். அதைக் கொட்டுறது நஷ்டம். கெடவிட்டுச் சாப்பிடுறது அதைவிடப் பெரிய நஷ்டம்.

சரி, கறி எப்படிக் கெடுது?

க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒரு பாக்டீரியா. இதோட விதை மாதிரியான வடிவத்துக்கு ஸ்போர்னு பேர். நல்லா வேகவெச்சாலும் சில ஸ்போர்கள் தப்பிச்சுடும். பெரிய சட்டியில மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டா குழம்பு மெதுவா ஆறும் பாருங்க, அந்த வெதுவெதுப்புதான் இதுக்குச் சொர்க்கம். சாதகமான சூடு கிடைச்சா சுமார் 10 நிமிஷத்துக்கு ஒருதரம் இரட்டிப்பாகும்.

கணக்குப் போடுங்க. ஒண்ணு, 2 மணி நேரத்துல 12 தடவை இரட்டிச்சா 4096. காலைல 10 மணிக்கு இறக்கின குழம்பு ராத்திரி 9 மணி வரைக்கும் மேடையிலேயே இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

இதுல கொடுமை என்னன்னா, வாசனை மாறாது, ருசியும் மாறாது. அதனால "மோந்து பார்த்தேன் டாக்டர், நல்லாத்தான் இருந்துச்சு"ங்கிற பரிசோதனை இங்க செல்லாது.

"நல்லா கொதிக்க வெச்சுட்டேனே?"ன்னு கேப்பீங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், உண்மைதான். ஆனா கைப்பட்ட உணவுல வளர்ற ஸ்டஃபைலோகாக்கஸ் விடுற நச்சு கொதிச்சாலும் அழியாது. மீந்த சோத்துல வர்ற பேசில்லஸ் செரியஸோட வாந்தி உண்டாக்குற நச்சும் அப்படித்தான். வெளியில கிடந்து கெட்டதைக் கொதிக்க வெச்சு நல்லதாக்க முடியாது.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவுல நவம்பர் நாலாவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். வீட்டுக்கு ஒரு முழு வான்கோழியைச் சமைப்பாங்க. மறுநாள் மிச்சக் கறி சாண்ட்விச் ஆகும், எலும்பு சூப் ஆகும். சிக்கனத்துல நம்ம பாட்டிகளுக்கு அவங்க குறைஞ்சவங்க இல்லை. அங்கேயும் இந்த பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கூட்டா பலரைத் தாக்குறது அதிகமா நவம்பர், டிசம்பர் மாசத்துலதான். அவங்களுக்குச் சொல்லப்படுற விதி நமக்கும் பொருந்தும்.

1. இறக்கின 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குப் போகணும். 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா 1 மணி நேரம்தான்.

2. சட்டியோட தூக்கி வைக்காதீங்க. உயரம் குறைஞ்ச சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சு, தண்ணி ஊத்தின தாம்பாளத்துல டப்பாவை வெச்சு சூட்டைத் தணிச்சு உள்ள வைங்க.

3. எடுத்தா ஒரு வேளைக்கு ஒரு டப்பா. முழுசையும் சூடு பண்ணி, மிச்சத்தைத் திரும்ப உள்ள வைக்கிற வேலை வேண்டாம்.

4. குழம்பு தளதளன்னு கொதிக்கணும். மைக்ரோவேவ்னா நடுவுல கிளறி விடணும்.

5. ஃப்ரிட்ஜ்ல 3 நாள், மிஞ்சிப்போனா 4 நாள். அதுக்கு மேல வேணும்னா முதல் நாளே ஃப்ரீசர்ல போடுங்க.

6. மழையில கரண்ட் போனா கதவைத் திறக்காதீங்க. மூடியே இருந்தா 4 மணி நேரம் வரைக்கும் குளிர்ச்சி தாங்கும்.

இனி சமையலுக்கு வருவோம். ஒரே குழம்பை மூணு நாள் ஊத்தினா பிள்ளைங்க தட்டைத் தள்ளத்தான் செய்யும்.

முதல் நாளே கறித்துண்டைத் தனியா, குழம்பைத் தனியா எடுத்து வைங்க. மறுநாள் காலை குழம்பு இட்லிக்கு. ராத்திரி கறியைப் பிய்ச்சு, வெங்காயம் மிளகு போட்டு வதக்கி தோசை மேல பரப்பினா கறிதோசை. முட்டை ஊத்திக் கொத்துனா கொத்து இட்லி. குழம்புல போடாம எடுத்து வெச்ச எலும்பு இருந்தா துவரம்பருப்பு, கத்தரிக்காய் சேர்த்து தால்ச்சா. கால் கிலோ எலும்பு அஞ்சு பேருக்குச் சோத்துக்கு ஆகும்.

குழம்பைச் சுண்டவெச்சுச் சாப்பிடுறது தனி ருசிதான். ஆனா தண்ணி சுண்டும், உப்பும் எண்ணெயும் சுண்டாது. பிரஷர் இருக்கிறவங்க தொட்டுக்கிற அளவோட நிறுத்திக்கங்க.

எல்லாத்தையும் விட நல்ல சிக்கனம், ஆக்குறதுக்கு முன்னாடியே பிரிக்கிறது. 3 கிலோ எடுத்தா அன்னைக்குத் தேவையானதை மட்டும் ஆக்கி, மிச்சத்தைப் பச்சையா அரைக்கிலோ பொட்டலமா ஃப்ரீசர்ல போடுங்க. உப்புக்கண்டம் போடலாமேன்னு தோணும். தீபாவளி நம்ம ஊர்ல அடைமழைக் காலம், கறி மொறுமொறுன்னு காய வெயில் வேணும். அதை கோடைக்கு வெச்சுக்கங்க.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடுன்னா அளவா ஆக்குங்க. மிஞ்சினா சூடா இருக்கும்போதே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுங்க.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

மூணாம் நாள், நாலாம் நாள் அந்தக் கறியை யார் சாப்பிடுறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பிள்ளைங்களுக்குப் புதுசா தோசை. வீட்டுக்காரருக்கு ஆம்லெட். "வீணாப் போகுதே"ன்னு அடிச்சட்டியை வழிச்சுச் சாப்பிடுறது அம்மாதான். பண்டிகை முடிஞ்சு வயித்துப்போக்கோட ஓபிக்கு வர்ற பெண்கள்கிட்ட என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்டா, "மிச்சம் இருந்துச்சு, நான் மட்டும் சாப்பிட்டேன்"ங்கிற பதில் எங்களுக்கு ரொம்பப் பழக்கம்.

அதேமாதிரி, நம்ம வீட்டுல யாரும் தொடாத நாலாம் நாள் குழம்பை வேலைக்கு வர்ற அக்காவுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கொடுக்கிறதுன்னா முதல் நாளே, நீங்க சாப்பிடுற அதே பதத்துல கொடுங்க. உங்க பிள்ளைக்குப் போடத் தயங்குறதை அவங்க பிள்ளைக்கு அனுப்பாதீங்க.

ஒருத்தர் வயித்தைக் குப்பைத்தொட்டி ஆக்கி மிச்சம் பிடிக்கிறதுக்குப் பேர் சிக்கனம் இல்லை. அவங்களுக்கு ஒருநாள் கூலி போனா, மிச்சம் பிடிச்ச கறியோட விலையை விட அது அதிகம்.

மீறி வயித்துப்போக்கு வந்துட்டா ஓஆர்எஸ் கரைசலை, பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவு தண்ணியில கலந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசமா கிடைக்கும். மலத்துல ரத்தம், நிக்காத வாந்தி, கடும் காய்ச்சல், சிறுநீர் குறையுறது, மயக்கம், இதுல எது இருந்தாலும் உடனே வாங்க. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க, சுகர் இருக்கிறவங்கன்னா காத்திருக்கவே வேண்டாம்.

இன்னைக்கு மதியம் சாப்பிட்டு முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. கறி எடுத்துட்டு வந்த அண்ணன்களே, உங்களைத்தான் சொல்றேன். டிவி முன்னாடி சாயுறதுக்கு முன்னாடி நீங்களே எழுந்து போய் அந்தச் சட்டியை டப்பாக்கள்ல பிரிச்சு உள்ள வைங்க. பத்து நிமிஷ வேலை.