தூக்குக் கயிறு இன்னும் தொங்குகிறது!

2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் முதல் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கா, 30 முதல் 40 ஆண்டுவரை சிறையா என்பதை இனி நீதிபதி தீர்மானிக்கலாம். நல்லது, வரவேற்கிறோம். இத்தோடு காரியம் முடிந்தது என்று சொல்வோர் நம் கோப்பெங் வட்டாரத்திலும் இருக்கிறார்கள். முடியவில்லை, தோழர்களே! நீதிபதியின் கையைக் கட்டியிருந்த கயிறுதான் அவிழ்ந்தது. ஏழையின் கழுத்துக்கு வைத்த கயிறு சட்டப் புத்தகத்தில் அப்படியே தொங்குகிறது.

"சங்கத்துப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை? சம்பளத்தைப் பற்றி எழுதுங்கள்" என்பார்கள் சிலர். அவர்களுக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறோம்: எஸ். ஏ. கணபதி. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்தவர். கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே அவர்மீது வழக்கு. இந்திய அரசு கேட்டுக்கொண்டும் வெள்ளையர் ஆட்சி இரங்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டது. அதே அவசரகாலச் சட்டத்தின்கீழ், கையெறி குண்டு வைத்திருந்த குற்றத்துக்காக ஈப்போவில் மரண தண்டனை பெற்றவர் லீ மெங் என்ற பெண். உலகெங்கும் குரல் எழுந்தது. 1953இல் பேராக் சுல்தான் அவருக்கு உயிர்ப்பிச்சை அளித்தார். ஒருவர் மாண்டார், ஒருவர் பிழைத்தார். உயிர் என்ன, குலுக்குச் சீட்டா?

இந்த விஷயத்தில் கத்தோலிக்கத் திருச்சபை நடந்து வந்த பாதையை நம் தொழிலாளர் அறிய வேண்டும். "அது நம் மதமல்லவே" என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நியாயம் எந்த வாசலில் வந்தாலும் நியாயமே.

திருச்சபை தொடக்கத்திலிருந்தே தூக்கை எதிர்த்ததில்லை. நோயுற்ற உறுப்பை வெட்டி உடலைக் காப்பதுபோல, கொடியவனைக் கொன்று சமுதாயத்தைக் காக்கலாம் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதியவர் புனித தோமா அக்குவினாஸ். பாப்பரசர் ஆண்ட நாட்டிலேயே 1870வரை கொலைத் தண்டனை நிறைவேறியது. வத்திக்கான் சட்டத்திலிருந்து அது நீங்கியது 1969இல்தான். 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல், சிறை முறை சீர்பட்ட இக்காலத்தில் ஒருவனைக் கொன்றே தீர வேண்டிய அவசியம் அனேகமாக இல்லை என்றார். 2018 ஆகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் பத்தியையே மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று பதித்தார். அவர் காட்டிய காரணங்கள் தெளிவானவை. எத்தனை பெரிய பாதகம் செய்தாலும் மனிதனின் மாண்பு அழிவதில்லை. மக்களைக் காக்கச் சிறையே போதும். கொன்றுவிட்டால் அவன் மனந்திரும்பும் வழி அடைபடுகிறது.

தானே கொலைக்களம் வைத்திருந்த சபை தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. நம் பாராளுமன்றத்தால் முடியாதா?

பட்டை நோய் கண்ட மரத்தை நாம் உடனே வெட்டிச் சாய்ப்பதுண்டா? மருந்து பூசி ஓய்வு கொடுக்கிறோமே! மரத்துக்குள்ள இரக்கம் மனிதனுக்கு இல்லையா? கிராணிமாரையும் கேட்கிறோம். செக்ரோலில் தவறு விழுந்தால் அடுத்த மாதம் திருத்துகிறீர்கள். தூக்கிலிட்ட பிறகு தவறு தெரிந்தால் எந்த மாதத்தில் திருத்துவது?

"போதைப்பொருளால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்லுங்கள்" என்பார்கள். அத்தாயின் கண்ணீரை நாம் இகழவில்லை. குற்றவாளியை அவிழ்த்துவிடு என்றும் சொல்லவில்லை. சிறையில் வை என்கிறோம். ஆனால் கயிற்றில் தொங்குவது யார்? நாகேந்திரன் தர்மலிங்கம் நம் ஈப்போ மண்ணின் பிள்ளை. 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிச் சென்று 2009இல் சிங்கப்பூரில் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று சோதனையில் கண்டார்கள். அந்நாட்டுச் சட்டப்படி, சுமந்து மட்டும் சென்றவன் தப்ப ஒரு வழி, கடத்தலைத் தடுக்கக் கணிசமாக உதவினான் என்று அரசு வழக்கறிஞர் சான்று தர வேண்டும். முதலாளியை அறிந்தவன் துப்புச் சொல்லிப் பிழைக்கலாம். ஒன்றும் அறியாத கூலி சாக வேண்டும்! 2022 ஏப்ரல் 27ஆம் நாள் நாகேந்திரன் தூக்கிலிடப்பட்டார். சரக்குக்குப் பணம் போட்டவன் எந்தக் கூண்டில் நின்றான்?

அவருக்காக 2021இல் நம் நாட்டுப் பிரதமரே கடிதம் எழுதினார். எழுதிய நாளில் நம் சட்டத்திலும் அதே குற்றத்துக்குத் தூக்கு இருந்தது. வீட்டில் கயிறு திரித்துக்கொண்டு அண்டை வீட்டாரிடம் இரக்கம் கேட்டால் எடுபடுமா?

2018 முதல் நம் சிறைகளில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. அதனால் நாடு கவிழ்ந்துவிட்டதா? பயன்படாத கயிறு எதற்கு? நாளை வேறொரு அரசு வந்து எடுத்து மாட்டுவதற்கா?

ஆகவே கேட்கிறோம்: மரண தண்டனையைச் சட்டத்திலிருந்து அடியோடு நீக்குங்கள்! பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் மாதா கோயில் முற்றத்திலும் தொழிலாளர் இதைப் பேச வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நேருக்கு நேர் கேட்க வேண்டும். கணபதியை நம்மால் மீட்க முடியவில்லை. நாகேந்திரனையும் மீட்க முடியவில்லை. அடுத்த பிள்ளைக்காவது முன்கூட்டிக் குரல் கொடுப்போம்!